எழுதுவோர் பலர், வாசிப்போர் சிலர்!

ஜெர்மனியில் இணையதளங்களுக்கு இடம் வாடகைக்குத் தரும் நிறுவனம் ஒன்றுக்கு 2021 ஏப்ரல் இறுதியில் ஒரு புகார் வந்தது. தமது தளத்துக்கு வந்துபோனவர்களின் விவரம் அடங்கிய பதிவுக் கோப்பை விரித்துப் படிக்க முடியவில்லை என்றார் வாடிக்கையாளர். அங்கு பணிபுரிந்த மாக்ஸ் கெல்லர்மன் என்ற நிரலாளர் பார்த்தபோது கோப்பின் கடைசிப் பகுதி சிதைந்திருந்தது. இரவில் ஓடும் ஏதோ ஒரு நிரல் பாதியில் நின்றிருக்கும் என்று கருதி, கையாலேயே அதைச் சரிசெய்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். சில மாதங்கள் கழித்து அதே புகார். பிறகு மீண்டும் ஒரு முறை.

சிதைந்த கோப்புகளை அவர் வரிசைப்படுத்திப் பார்த்தபோது இரண்டு செய்திகள் தெரிந்தன. பெரும்பாலானவை மாதத்தின் கடைசி நாளுக்குரியவை. சிதைந்தது ஒவ்வொன்றிலும் கடைசி எட்டு பைட்டுகள்தாம். அந்த எட்டும் எல்லாக் கோப்புகளிலும் ஒன்றுபோலவே இருந்தன. அவை ‘ஜிப்’ வகைக் கோப்பு ஒன்றின் உட்பட்டியலின் தொடக்க எழுத்துகள். மாதம் முழுவதற்குமான பதிவுகளை ஒரே ஜிப் கோப்பாகக் கட்டித்தரும் சேவை ஒன்று அந்த நிறுவனத்தில் இருந்தது. ஆனால், அந்தச் சேவைக்குப் பதிவுக் கோப்புகளைப் படிக்கும் உரிமை மட்டுமே உண்டு. எழுதும் உரிமை கிடையாது. படிக்க மட்டுமே அனுமதிக்கப்பட்ட ஒரு நிரல் எழுதியிருக்கிறது என்றால், அனுமதியைக் காக்கும் இடத்திலேயே கோளாறு இருக்க வேண்டும். அந்த இடம், இயங்குதளத்தின் உட்கருவான ‘கெர்னல்’.

கணினியிலோ கைப்பேசியிலோ நாம் பயன்படுத்தும் செயலிகள் நினைவகத்தையும் வன்தட்டையும் தாமாகத் தொடுவதில்லை. ஒவ்வொன்றையும் கெர்னலிடம் கேட்டே பெறுகின்றன. எவர் எந்தக் கோப்பைப் படிக்கலாம், எவர் எதில் எழுதலாம் என்று தீர்ப்புச் சொல்வதும் அதுவே. வங்கிச் செயலி எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருந்தாலும், அதன் அடியில் உள்ள கெர்னலில் ஓட்டை இருந்தால் அந்தக் கவனத்துக்குப் பொருளில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள், இணையத்தைத் தாங்கி நிற்கும் வழங்கிகளில் பெரும்பகுதி, உலகின் முதல் 500 மீக்கணினிகள் அனைத்தும் இயங்குவது லினக்ஸ் என்ற ஒரே கெர்னலின் பதிப்புகளில்தான். அதன் நிரல் வரிகள் கோடிக்கணக்கில் உள்ளன. எவரும் படிக்கலாம், எவரும் திருத்தம் அனுப்பலாம்.

எவரும் படிக்கலாம் என்பது வேறு, எவரேனும் படிக்கிறார்கள் என்பது வேறு. இந்த இடைவெளியைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

கெல்லர்மன் கண்டறிந்த குறைபாட்டுக்குப் பின்னர் ‘டர்ட்டி பைப்’ என்று பெயரிடப்பட்டது. அது உருவான விதத்தைச் சற்றே நிதானமாகப் பார்ப்பது நல்லது. ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குத் தரவைக் கடத்த ‘பைப்’ என்ற குழாய் ஏற்பாடு கெர்னலில் உண்டு. அந்தக் குழாயின் உள்ளே தரவு தட்டுத் தட்டாக வைத்துக் கடத்தப்படுகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு தட்டிலும் ஒரு குறிப்புச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். காலியான தட்டு மீண்டும் பயன்பாட்டுக்கு வரும். 2016-இல் சேர்க்கப்பட்ட ஒரு திருத்தத்தில், தட்டைத் திரும்ப எடுக்கும்போது பழைய சீட்டை அழிக்கும் வரி விடுபட்டுப்போனது. அன்றைக்கு அதனால் தீங்கு ஏதுமில்லை. சீட்டில் எழுதப்பட்டுவந்த குறிப்புகளில் ஆபத்தானது எதுவும் அப்போது இல்லை.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2020-இல், வேறொரு நிரலாளர் வேறொரு நோக்கத்தோடு அந்தப் பகுதியை எளிமைப்படுத்தினார். ‘இந்தத் தட்டில் இடம் மிச்சமிருந்தால் அடுத்து வருவதையும் இதிலேயே சேர்த்து எழுதலாம்’ என்ற தகவல் அதுவரை வேறோர் இடத்தில் பதிவாகிவந்தது. அவர் அதைச் சீட்டுக்கு மாற்றினார். மாற்றத்தில் பிழையில்லை, நிரல் முன்பைவிடத் தெளிவாகவும் ஆயிற்று. ஆனால், பழைய சீட்டு அழியாத தட்டு ஒன்றில், படிக்க மட்டுமே உரிமையுள்ள கோப்பின் பக்கம் வந்து அமரும்போது, முந்தைய பயன்பாட்டின் ‘சேர்த்து எழுதலாம்’ என்ற குறிப்பு அதற்கும் பொருந்திவிட்டது. விளைவு, கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் எவரும், கடவுச்சொல் தொடர்பான கோப்பு உள்பட, தமக்கு எழுத உரிமையில்லாத கோப்பின் நினைவகப் படியை மாற்றி, முழுக் கணினிக்கும் அதிபதியாகலாம் என்ற நிலை.

அதைச் சரிசெய்யத் தேவைப்பட்டவை இரண்டே வரிகள். சீட்டை அழி என்று இரண்டு இடங்களில் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

2016-இன் திருத்தத்தைச் சரிபார்த்தவர் குற்றவாளியா? அவர் முன் இருந்த நிரலில் ஆபத்து இல்லை. 2020-இன் திருத்தத்தைச் சரிபார்த்தவர்? அவர் பார்த்த வரிகள் அனைத்தும் சரி. பிழை இருந்தது அந்த வரிகளில் அன்று; அவற்றிலிருந்து தொலைவில், நான்கு ஆண்டுகளுக்கு முன் எழுதப்படாமல் போன ஒரு வரியில். கெர்னல் திருத்தங்களைச் சரிபார்ப்பதன் அடிப்படைச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. சரிபார்ப்பவர் கைக்கு வருவது, நீக்கப்பட்ட வரிகளும் சேர்க்கப்பட்ட வரிகளும் அவற்றைச் சுற்றிய சில வரிகளும் மட்டுமே. நிலம் வாங்குகிறவர் கிரயப் பத்திரத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்திடுவதில்லை. மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கச் சான்று எத்தனை ஆண்டுகளுக்கு என்று வழக்குரைஞர் கேட்பார். நிரல் திருத்தத்துக்கும் அந்தக் கேள்விகள் வேண்டும். ஆனால், மூலப்பத்திரத்தைத் தேடிப் படிக்க நேரமும், எங்கே தேடுவது என்ற நினைவும் வேண்டும்.

நேரத்தின் கணக்கைப் பார்ப்போம். லினக்ஸ் கெர்னலின் புதிய பதிப்பு ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒரு முறை வெளியாகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் சேர்கின்றன. இரவு பகல் பாராமல் கணக்கிட்டால், மணிக்கு ஆறு திருத்தங்களுக்கு மேல். கோப்பு முறைமை, வலையமைப்பு, ஒலி, திரை என்று ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். திருத்தம் அவர்களிடம் மின்னஞ்சலில் வருகிறது. அவர்கள் ஏற்றால் மேல்நிலைக்குப் போகிறது. கடைசியில் லினஸ் டோர்வால்ட்ஸிடம் சேர்கிறது. எழுதியவரும் கைமாற்றியவர்களும் தத்தம் பெயரைத் திருத்தத்தின் அடியில் ஒப்பமாக இட வேண்டும் என்ற வழக்கம் 2004 முதல் இருக்கிறது. சரிபார்த்தவர் தம் பெயரைச் சேர்க்கத் தனி வரி உண்டு. ஆனால், அந்த வரி எல்லாத் திருத்தங்களிலும் இருப்பதில்லை.

சரிபார்ப்பவர் எதைத் தேடுகிறார்? முதலில், வெளியிலிருந்து வரும் எண்ணை. ஒரு செயலி ‘எனக்கு இத்தனை பொருள்களுக்கு இடம் வேண்டும்’ என்று கேட்டால், கெர்னல் அந்த எண்ணிக்கையை ஒரு பொருளின் அளவோடு பெருக்கி இடம் ஒதுக்கும். 32 பிட் எண்ணில் அடங்கும் உச்சம் 4,294,967,295. பெருக்குத்தொகை அதைத் தாண்டினால் எண் சுழியத்திலிருந்து மீண்டும் தொடங்கிவிடும். கேட்டவர் மலையளவு கேட்க, கெர்னல் கடுகளவு ஒதுக்க, அவர் மலையையே அதில் கொட்டுவார். அடுத்தது, சோதிப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் இடைப்பட்ட நொடி. செயலியின் நினைவிடத்தில் உள்ள மதிப்பை ஒரு முறை படித்துச் சோதித்துவிட்டு, பயன்படுத்துவதற்காக மறுபடியும் அங்கிருந்தே படித்தால், இடையில் மதிப்பு மாறியிருக்கலாம். தராசில் எடை பார்த்த பையை அல்லாமல் வேறொரு பையைக் கட்டிக்கொடுக்கும் கதைதான். இன்னொன்று, காலி செய்த வீட்டின் பழைய சாவி. திருப்பித்தரப்பட்ட நினைவிடத்தின் முகவரியை நிரலின் ஏதோ ஒரு மூலை இன்னும் வைத்திருந்தால், அங்கே குடியேறியவரின் உடைமைகள் அந்தச் சாவிக்கும் திறக்கும்.

இவற்றையெல்லாம்விடக் கவனம் வேண்டுவது, ஏதேனும் தவறு நேரும்போது நிரல் பின்வாங்கும் பாதை. வெற்றிப் பாதையில் நிரல் நாள்தோறும் கோடி முறை ஓடித் தேர்ந்துவிடுகிறது. நினைவகம் போதாமல் பாதியில் திரும்பும் பாதை ஆண்டுக்கு ஒரு முறைகூட ஓடாது. எனவே, பூட்டைத் திறக்க மறப்பதும், ஒரே நினைவிடத்தை இரு முறை திருப்பித்தருவதும் அங்கேதான் ஒளிந்துகொள்கின்றன. தேர்ந்த சரிபார்ப்பாளர்கள் திருத்தத்தைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படிக்கும் பழக்கத்தை இதனாலேயே வைத்திருக்கக்கூடும். அது நல்ல பழக்கம்.

இதுவரை சொன்னவை கவனக்குறைவால் நேர்பவை. வேண்டுமென்றே வைக்கப்படும் பிழை வேறு வகை. 2003 நவம்பரில், லினக்ஸ் கெர்னல் நிரலின் பொதுப் படி ஒன்றில் எவரோ இரண்டு வரிகளைச் செருகினர். பயனர் எண் சுழியமாக இருக்கிறதா என்று சோதிப்பதுபோல் அந்த வரி தோன்றும். சி மொழியில் சமமா என்று கேட்க இரண்டு சமக்குறிகள் வேண்டும். அங்கே ஒன்றுதான் இருந்தது. ஒற்றைச் சமக்குறி கேட்பதில்லை, வைத்துவிடும். அதாவது, குறிப்பிட்ட விதத்தில் கெர்னலை அழைப்பவரின் பயனர் எண் சுழியமாக மாற்றப்படும். சுழியம் என்பது அதிபதியின் எண். விரைந்து படிக்கும் கண்ணுக்கு அது வழக்கமான எழுத்துப்பிழைபோலக்கூடத் தெரியாது.

அது பிடிபட்டது நிரலைப் படித்ததால் அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். மூலக் களஞ்சியத்தில் இல்லாத மாற்றம் படியில் மட்டும் இருந்தது. அதற்கு ஒப்புதல் வந்த வழி பதிவாகவில்லை. களஞ்சியத்தைப் பராமரித்த லேரி மெக்வோய் அந்த முரண்பாட்டைக் கண்டு விசாரித்த பிறகே, வரிகளின் உள்நோக்கம் மற்றவர்களுக்குப் புலப்பட்டது. எந்தத் திருத்தம் யார் வழியாக வந்தது என்ற பதிவு, கூர்மையான கண்ணுக்கு இணையான காவல் என்பதை அந்த நிகழ்வு காட்டியது.

ஆனால், உரிய வழியில், நற்பெயர் கொண்ட நிறுவனத்தின் பெயரால் வரும் திருத்தத்தில் கெடுநோக்கம் இருந்தால்? இதைச் சோதிக்க முனைந்தனர் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர். சிறு பிழையைச் சரிசெய்வதுபோல் தோன்றி, பெரிய பிழைக்கு வழிதிறக்கும் திருத்தங்களைப் போலிப் பெயர்களில் 2020-இல் அனுப்பிப் பார்த்தனர். பொறுப்பாளர்கள் ஏமாறுகிறார்களா என்பதே ஆய்வு. 2021 ஏப்ரலில் விவகாரம் வெடித்தது. கெர்னலின் மூத்த பொறுப்பாளர்களுள் ஒருவரான கிரெக் க்ரோ-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்தின் திருத்தங்களுக்குத் தடை விதித்தார். அங்கிருந்து அதுவரை வந்திருந்த நானூறுக்கும் மேற்பட்ட திருத்தங்கள் மறுபடியும் ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டன. மிகப் பெரும்பாலானவை நேர்மையானவை என்பதும் தெரிந்தது. ஆய்வுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

அந்த ஆய்வாளர்களின் கேள்வி நியாயமானது. கையாண்ட வழி நியாயமற்றது. சோதனைக்கு ஆளானவர்களிடம் ஒப்புதல் பெறவில்லை என்பது ஒரு குற்றம். அதைவிடப் பெரியது, அவர்கள் வீணாக்கிய பொருள் எது என்பது. கெர்னல் உலகில் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பிறர் எழுதியதைப் பொறுமையாகப் படிப்பவர்களின் மணி நேரங்களுக்குத்தான் பஞ்சம். சில வாரங்களுக்கு அந்த மணி நேரங்கள் பழைய திருத்தங்களை மீண்டும் படிப்பதில் கரைந்தன. அந்த நாள்களில் வந்த புதிய திருத்தங்களை யார் படித்திருப்பார்கள்?

கருவிகள் உதவாதா என்ற கேள்வி எழும். உதவுகின்றன, நிறையவே. கூகுள் நிறுவனத்தில் உருவான ‘சிஸ்காலர்’ என்ற கருவி, கெர்னலை ஓயாமல் தாறுமாறான கட்டளைகளால் அழைத்து, அது எங்கே இடறுகிறது என்று பார்க்கிறது. ஆயிரக்கணக்கான பிழைகளைக் கண்டுபிடித்திருக்கிறது. பிரெஞ்சு ஆய்வகம் ஒன்றில் பிறந்த ‘காக்சினெல்’, ஒரே வகைப் பிழை எங்கெல்லாம் திரும்ப வருகிறது என்று நிரல் முழுவதும் தேடித்தரும். ரஸ்ட் என்ற புதிய மொழி 2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பு முதல் கெர்னலுக்குள் இடம்பெற்றுள்ளது; பழைய சாவி வகைப் பிழைகளை அது எழுதும்போதே பெருமளவு தடுத்துவிடும். இவை எல்லாம் வேண்டும். என்றாலும், டர்ட்டி பைப்பில் கெர்னல் எங்கும் இடறி விழவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தது. இது நடந்திருக்கக் கூடாது என்று சொல்ல, அந்தக் குறிப்பு எதற்காக வைக்கப்பட்டது என்று தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது.

செயற்கை நுண்ணறிவின் வருகை இந்தக் கணக்கை இரு திசையிலும் மாற்றுகிறது. கெர்னலின் கோப்புப் பகிர்வுப் பகுதி ஒன்றில், அதுவரை அறியப்படாத பழைய சாவிப் பிழையை ஒரு மொழி மாதிரியின் துணையோடு ஆய்வாளர் ஒருவர் 2025-இல் கண்டறிந்தார். அது மெய்யான பயன். அதே வேளையில், பொய்யான எச்சரிக்கைகளும் மாதிரிகளிடமிருந்து குவிகின்றன. ‘கர்ல்’ போன்ற திறமூலத் திட்டங்களின் பொறுப்பாளர்கள் இதை வெளிப்படையாகவே நொந்து பேசியிருக்கிறார்கள். எழுதும் கை மேலும் மலிவாகிவிட்டது. படிக்கும் கண் அதே எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

இன்னொரு வாசகர் கூட்டமும் உண்டு. கெர்னலில் சேரும் ஒவ்வொரு திருத்தமும் பொதுவெளியில் உள்ளதால், தாக்குபவர்களும் அவற்றைப் படிக்கிறார்கள். ஒரு பிழை சரிசெய்யப்பட்டதைப் பார்த்தால், சரிசெய்யப்படாத கணினிகளில் அது இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள். எனவே, பாதுகாப்புத் திருத்தங்கள் பெரும்பாலும் ஆரவாரமின்றி உள்ளே போகின்றன. டர்ட்டி பைப் விவரத்தை கெல்லர்மன் 2022 பிப்ரவரி 20 அன்று கெர்னலின் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பினார். மறுநாளே, ஆபத்தின் விளக்கம் ஏதுமின்றித் திருத்தம் மட்டும் பொதுவில் வைக்கப்பட்டது. அதே நாளில் கூகுளின் பிக்சல் 6 கைப்பேசியிலும் ஓட்டை இருப்பது உறுதியானது. 23-ஆம் தேதி திருத்திய பதிப்புகள் வெளியாயின. முழு விவரம் மார்ச் 7 அன்றுதான் வெளியானது. மூன்றே நாளில் மருந்து தயார். உண்மையில் வியக்கத்தக்க வேகம். ஆனால், அந்த மருந்து ஒரு கைப்பேசிக்கு வந்துசேர, சில்லு தயாரிப்பாளர், கைப்பேசி நிறுவனம் எனப் பல வாசல்களைக் கடக்க வேண்டும். விலை குறைந்த கைப்பேசிகளுக்கு மாதங்கள் ஆகலாம். ஆதரவுக் காலம் முடிந்தவற்றுக்கு வராமலே போகலாம். அந்த இடைவெளியில் எதிர்த்தரப்பு வாசகரின் கையே ஓங்கியிருக்கும்.

2016-இல் வெளிப்பட்ட ‘டர்ட்டி கவ்’ குறைபாடு ஒன்பது ஆண்டுகள் கெர்னலில் வாழ்ந்தது. அதற்கும் முன்பே, 2005-இல், டோர்வால்ட்ஸே அதைச் சரிசெய்ய முயன்றிருக்கிறார். ஐபிஎம் பெருங்கணினிகளில் எழுந்த வேறொரு சிக்கலுக்காக அந்தத் திருத்தம் பின்னர் நீக்கப்பட்டது. நீக்கியபோது, அது எதைக் காத்துநின்றது என்பது போதிய அளவு நினைவில் இல்லை. நிரலில் ஒரு வரி ஏன் இருக்கிறது என்ற அறிவு மனிதர்களிடம் தங்கியிருக்கிறது. அவர்கள் வேலை மாறும்போது அதுவும் போய்விடுகிறது.

அந்த அறிவைத் தக்கவைக்கப் பணம் வேண்டும். கெர்னலுக்கு நிரல் எழுதுவோரில் பெரும்பாலோர் பெரிய நிறுவனங்களின் ஊதியத்தில் இருப்பவர்களே. ஆனால், நிறுவனம் ஊதியம் தருவது தன் வன்பொருள் இயங்குவதற்கான நிரலை எழுத; பிறருடைய திருத்தத்தைப் படிப்பதற்கு அன்று. படிப்பது மாலை நேரத்திலும் விடுமுறையிலும் செய்யும் வேலையாகிவிடுகிறது.

இதில் நமக்கும் பங்கு உண்டு. அரசுத் துறைகள் திறமூல மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கையை மத்திய அரசு 2015-இல் அறிவித்தது. சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளத்தின் அடியில் இருப்பதும் இதே லினக்ஸ் கெர்னல்தான். பயன்படுத்தும் கொள்கை இருக்கிறது. படிக்கும் கொள்கை இல்லை. அரசு நிறுவனம் ஒன்றில் பத்துப் பேர் கொண்ட குழு, கெர்னலின் ஏதேனும் இரண்டு பகுதிகளை மட்டும் தேர்ந்து, அவற்றில் சேரும் ஒவ்வொரு திருத்தத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படிப்பதையே முழுநேரப் பணியாகச் செய்யலாம். நம் பொறியியல் கல்லூரிகளின் தேர்வில் நிரல் எழுதச் சொல்கிறோம். இருபது பக்க நிரலைக் கொடுத்து, இதில் எங்கே பிழை, ஏன் பிழை என்று கேட்கும் வினாவுக்கும் இடம் தரலாம்.

கெல்லர்மன் கெர்னலின் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் அல்லர். லினக்ஸைப் பயன்படுத்தும் ஒரு நிறுவனத்தின் ஊழியர். எட்டு பைட்டுகள் ஏன் மாறின என்று தேட அவருக்கு நேரம் கிடைத்தது.